இரவு 9 மணி, ஒரு மேசை, மூன்று சகோதரிகள்: 'ஜேன் அயர்' எழுதிய ஷார்லட் ப்ரான்டே யார்?

இலையுதிர்காலம் வந்துவிட்டால், ஆங்கிலத்தில் ஆடியோபுக் கேட்கிறவர்கள் ஒரு குறிப்பிட்ட வகைக் கதையைத் தேடிப் போவார்கள். ஊரை விட்டுத் தள்ளி நிற்கும் ஒரு பெரிய வீடு. அங்கே வேலைக்கு வந்து இறங்கும் ஏழைப் பெண். எதையோ மறைக்கும் வீட்டுக்காரர். நடு இரவில் மாடியில் இருந்து வரும் சத்தம். இதற்கெல்லாம் நடுவில் ஒரு காதல். காலம், விக்டோரியா மகாராணி ஆண்ட 19-ம் நூற்றாண்டு. வெளியே கண்டிப்பாக மழை பெய்யும்.

'கோதிக் ரொமான்ஸ்' என்று இதற்குப் பெயர். இந்த ஃபார்முலாவில் இன்று வரும் புதுக் கதை எதைக் கேட்டாலும், நூல் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் பெரும்பாலும் 1847 அக்டோபரில் வெளியான ஒரு நாவலில் போய் நிற்கலாம். அதுதான் 'ஜேன் அயர்'. எழுதியவர் ஷார்லட் ப்ரான்டே. பேய்க்கோட்டைக் கதைகளை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆன் ராட்க்ளிஃப் போன்றவர்கள் 1790-களிலேயே இத்தாலியக் கோட்டைகளை வைத்து வாசகர்களை அலற விட்டிருக்கிறார்கள். ஷார்லட் செய்தது வேறு. கோட்டையில் இருந்த பயத்தை இங்கிலாந்தில் இருக்கிற ஒரு சாதாரண பணக்கார வீட்டின் மாடிக்குக் கொண்டுவந்தார். கதையை அந்த வேலைக்காரப் பெண்ணின் வாயாலேயே சொல்ல வைத்தார். அந்தப் பெண் அழகியும் இல்லை.

காதால் கேட்பதற்கு இந்தக் கதை இவ்வளவு பொருந்துவது தற்செயல் இல்லை. அது உருவானதே ஒரு இருட்டு அறையில், வாய்விட்டுப் படிக்கப்பட்டு, இரண்டு பேர் காது கொடுத்துக் கேட்டுத்தான். அந்த இரண்டு பேர் யார், அவர்கள் போன பிறகு ஷார்லட் என்ன ஆனார் என்பதுதான் அவருடைய வாழ்க்கைக் கதை.

கல்லறைக்கு எதிர்வீடு

ஷார்லட் பிறந்தது 1816 ஏப்ரல் 21. ஊர், வட இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள தார்ன்டன். ஆறு குழந்தைகளில் மூன்றாவது. அப்பா பேட்ரிக், அயர்லாந்தின் ஏழை விவசாயக் குடும்பத்தில் இருந்து படித்து மேலே வந்து, கேம்பிரிட்ஜ் வரை போய், பாதிரியார் ஆனவர். ஊரில் வேறு மாதிரி இருந்த குடும்பப் பெயரை ப்ரான்டே என்று மாற்றிக்கொண்டதும் அவர்தான்.

1820-ல் குடும்பம் ஹாவர்த் என்ற ஊருக்குக் குடிவந்தது. மேட்டின் உச்சியில் ஊர். அதற்குப் பின்னால் மரமே இல்லாத, காற்று மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும் பரந்த மேட்டுநிலம். பாதிரியார் வீட்டு ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே கல்லறைத் தோட்டம். கோதிக் கதைக்காகப் போட்ட செட் மாதிரி இருக்கும். ஆனால் அங்கே இருந்த பயம் நிஜமானது. குடிதண்ணீர் மோசம், சாக்கடை வசதி கிடையாது. பேட்ரிக் விடாமல் மனு போட்டதன் பேரில் 1850-ல் அரசு சார்பில் பெஞ்சமின் பாபேஜ் என்ற அதிகாரி வந்து ஆய்வு செய்தார். ஹாவர்த்தில் இறப்பவர்களின் சராசரி வயது 25.8 என்றது அவருடைய அறிக்கை. பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 40-க்கும் மேல் ஆறு வயதைத் தாண்டவில்லை.

ஹாவர்த் வந்த அடுத்த வருஷமே அம்மா மரியா இறந்துபோனார். ஷார்லட்டுக்கு அப்போது ஐந்து வயது. அம்மாவின் அக்கா எலிசபெத் பிரான்வெல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து அங்கேயே தங்கிவிட்டார்.

1824-ல் பெரிய பெண்கள் நால்வரும் கோவன் பிரிட்ஜ் என்ற இடத்தில் இருந்த ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். வசதி குறைந்த பாதிரியார்களின் மகள்களுக்கான பள்ளி அது. குளிர், மோசமான சாப்பாடு, கடுமையான தண்டனை. அடுத்த வருஷம் மூத்தவள் மரியா காசநோயோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டு மே மாதம் இறந்தாள். ஜூனில் இரண்டாவது அக்கா எலிசபெத்தும் போய்விட்டாள். ஒருத்திக்கு வயது 11, இன்னொருத்திக்கு 10. ஒன்பது வயது ஷார்லட், ஆறு வாரத்துக்குள் வீட்டின் மூத்த பெண் ஆகிவிட்டார்.

'ஜேன் அயர்' நாவலில் லோவுட் என்ற பள்ளி வரும். அங்கே ஹெலன் பர்ன்ஸ் என்ற சிறுமி, எந்தக் கொடுமைக்கும் எதிர்த்துப் பேசாமல், ஜேனின் அணைப்பிலேயே இறந்துபோவாள். அந்தப் பள்ளி கோவன் பிரிட்ஜ்தான், அந்தச் சிறுமி அக்கா மரியாதான் என்பதை ஷார்லட் பிறகு மறைக்கவில்லை. இரண்டாம் அத்தியாயத்திலேயே ஜேனை ஒரு சிவப்பு அறையில் பூட்டி வைப்பார்களே, அதைவிட இந்தப் பள்ளிப் பகுதிதான் நாவலின் உண்மையான திகில்.

12 பொம்மைச் சிப்பாய்கள்

1826 ஜூனில் அப்பா லீட்ஸ் நகரத்துக்குப் போய்த் திரும்பும்போது, மகன் பிரான்வெல்லுக்கு 12 மரப் பொம்மைச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். உயிரோடு இருந்த நான்கு பிள்ளைகளும், அதாவது ஷார்லட், பிரான்வெல், எமிலி, ஆன், ஆளுக்கு ஒரு சிப்பாயை எடுத்துப் பெயர் வைத்தார்கள். அந்தச் சிப்பாய்களுக்கு ஒரு நாடு வேண்டும் என்று ஆப்பிரிக்காவில் ஒரு கற்பனை நகரம் கட்டினார்கள். அந்த நகரத்துக்குச் சரித்திரம், அரசியல், போர், காதல் எல்லாம் வந்தது. பிறகு அந்தச் சிப்பாய்கள் படிப்பதற்கென்று பத்திரிகை. சிப்பாயின் அளவுக்குத் தக்கபடி தீப்பெட்டி சைஸில் தைத்த புத்தகம், அச்சு எழுத்து மாதிரியே பொடிப்பொடியாகக் கையெழுத்து. பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. 13 வயதில் ஷார்லட் எழுதிய அப்படி ஒரு குட்டிக் கவிதைப் புத்தகம் 2022-ல் 12.5 லட்சம் டாலருக்கு விற்றது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைகள் யாரும் தனியாக எழுதவில்லை. ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் மறுக்க, மூன்றாமவர் ஒரு பாத்திரத்தைச் சாகடிக்க, நான்காமவர் அதை மறுபடி உயிரோடு கொண்டுவர, கதை வளர்ந்தது. டேபி என்று கூப்பிடப்பட்ட சமையல்கார அம்மா, அடுப்படியில் யார்க்‌ஷயர் பேச்சு வழக்கிலேயே சொன்ன ஊர்க் கதைகளும் பேய்க் கதைகளும் தனி.

பெண்கள் வளர்ந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. இரவு 9 மணிக்குப் பெரியம்மா தூங்கப் போனதும், தையல் வேலையை எடுத்து வைத்துவிட்டு, சகோதரிகள் சாப்பாட்டு அறையில் நடக்க ஆரம்பிப்பார்கள். மேசையைச் சுற்றி, அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக. சிக்கனத்துக்காக மெழுகுவத்தியைக்கூட அணைத்துவிடுவதுண்டு. கணப்பு வெளிச்சத்துக்குள் வந்து, இருட்டுக்குள் போய், மறுபடி வெளிச்சத்துக்கு வந்து, நடந்துகொண்டே எழுத வேண்டிய கதையைப் பேசுவார்கள். பின்னாளில் நாவல்கள் எழுதும்போது வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, எழுதின வரைக்கும் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். தங்கைகள் சொன்னதற்காக ஷார்லட் பெரிதாக எதையும் மாற்றியதில்லை. ஆனாலும் அந்தக் காதுகள் அவருக்குத் தேவைப்பட்டன.

வேண்டாம் என்றவர்கள்

இடையில் வாழ்க்கை ஓட்டப் பணம் வேண்டுமே. ஷார்லட் தான் படித்த ரோ ஹெட் பள்ளியிலேயே டீச்சராக வேலை பார்த்தார். பிறகு இரண்டு பணக்கார வீடுகளில் கவர்னஸ். வீட்டோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலை அது. வீட்டு மனிதர்களோடும் சேர முடியாது, வேலையாட்களோடும் சேர முடியாது. ராத்திரியில் துணி தைத்துத் தர வேண்டும். இரண்டுமே அவருக்குப் பிடிக்கவில்லை.

20 வயதில் தன் கவிதைகளை அப்போதைய அரசவைக் கவிஞர் ராபர்ட் சௌதிக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். 1837 மார்ச்சில் பதில் வந்தது. திறமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட சௌதி, எழுத்தைத் தொழிலாக நினைப்பது பெண்ணுக்கு ஆகாது, வீட்டுக் கடமைகளைச் சரியாகச் செய்தால் அதற்கு நேரமும் இருக்காது என்ற தொனியில் அறிவுரை சொல்லியிருந்தார். ஷார்லட் ரொம்பப் பணிவாக நன்றி சொல்லிப் பதில் போட்டார். அந்தப் பணிவில் எவ்வளவு நிஜம், எவ்வளவு நக்கல் என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

1842-ல், சொந்தமாகப் பள்ளி தொடங்க பிரெஞ்சு மொழி தெரிந்தால் நல்லது என்று, எமிலியோடு பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்குப் போனார். அங்கே கான்ஸ்டன்டின் ஹெகெர் என்ற ஆசிரியர். கோபக்காரர், ஆனால் மாணவர்களின் எழுத்தை வரி வரியாகத் திருத்திக் கற்றுத்தருபவர். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் உள்ளவர். ஷார்லட் அவர்மேல் காதல் கொண்டார். 1844-ன் தொடக்கத்தில் ஊர் திரும்பிய பிறகு கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். நாள் போகப் போக, ஒரே ஒரு வரியாவது பதில் எழுதக் கூடாதா என்று கெஞ்சுகிற நிலைமைக்கு வந்துவிட்டார். ஹெகெர் பதில் எழுதுவதைக் குறைத்து, நிறுத்தியும்விட்டார்.

நான்கு கடிதங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஹெகெர் கிழித்துக் குப்பையில் போட்டவற்றை அவருடைய மனைவி எடுத்து ஊசிநூலால் தைத்து வைத்தார் என்பது அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்ட கதை. 1913-ல் ஹெகெரின் பிள்ளைகள் அவற்றை பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார்கள். லண்டன் டைம்ஸ் பத்திரிகை அச்சிட்டது. அதுவரை ஷார்லட் என்றால் தியாகத்தின் உருவம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. இப்போது படித்தால் அதிர்ச்சியாக எதுவும் தெரியாது, பாவமாக மட்டும்தான் இருக்கும்.

பள்ளி தொடங்கும் திட்டத்துக்கு விளம்பரத் தாள் அடித்தார்கள். ஒரு மாணவிகூட வரவில்லை.

1845 இலையுதிர்காலத்தில், எமிலி மறைத்து வைத்திருந்த கவிதை நோட்டு ஒன்று ஷார்லட் கையில் தற்செயலாகக் கிடைத்தது. அனுமதி இல்லாமல் படித்ததற்கு எமிலி கொதித்துப்போனார். சமாதானப்படுத்தவே நாள்கணக்கில் ஆனது. ஆனால் அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம். மூன்று சகோதரிகளும் சேர்ந்து, பெரியம்மா விட்டுச் சென்ற பணத்தில் சொந்தச் செலவிலேயே கவிதைத் தொகுப்பு போட்டார்கள். பெண் என்று தெரிந்தால் விமர்சகர்கள் வேறு தராசு எடுப்பார்கள் என்பதால் கர்ரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்று புனைபெயர். 1846-ல் புத்தகம் வந்தது. முதல் ஒரு வருஷத்தில் விற்ற பிரதிகள் இரண்டு. ஆமாம், ரெண்டே ரெண்டு.

மான்செஸ்டரில் ஒரு வாடகை அறை

அடுத்து ஆளுக்கொரு நாவல். எமிலி 'வதரிங் ஹைட்ஸ்', ஆன் 'ஆக்னஸ் க்ரே', ஷார்லட் 'தி புரொஃபசர்'. தங்கைகள் இருவரின் கதையையும் ஒரு பதிப்பாளர் எடுத்துக்கொண்டார், அதுவும் அவர்களிடமே பணம் வாங்கிக்கொண்டு. ஷார்லட்டின் கதையை யாரும் தொடவில்லை. ஒரு இடத்தில் இருந்து திரும்பி வந்தால், அதே உறையில் பழைய முகவரியை அடித்துவிட்டு அடுத்த பதிப்பாளர் முகவரியை எழுதி அனுப்புவார். எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள் என்று அடுத்த பதிப்பாளர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்!

1846 ஆகஸ்ட். அப்பாவுக்குக் கண்புரை முற்றி, கிட்டத்தட்டப் பார்வையே இல்லை. ஷார்லட் அவரை மான்செஸ்டருக்கு அழைத்துப்போய், ஒரு வாடகை அறை எடுத்து, ஆபரேஷன் செய்ய வைத்தார். மயக்க மருந்து நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முந்தைய காலம் அது. 69 வயதுக்காரர், முழு நினைவோடு கண்ணில் கத்தியைத் தாங்கினார். அதன் பிறகு வாரக்கணக்கில் இருட்டறையில், கண்ணில் கட்டோடு அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஆபரேஷன் நடந்த அதே நாளில்தான் 'தி புரொஃபசர்' இன்னொரு தடவை திரும்பி வந்தது. அந்த வாடகை அறையில், பல் வலியோடு, அப்பாவுக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டு ஷார்லட் எழுதத் தொடங்கியதுதான் 'ஜேன் அயர்'.

நாவலின் முடிவில் ரோச்செஸ்டர் பார்வை இழந்து, ஜேன் அவருக்குக் கண்ணாக இருப்பது எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம்.

ஷார்லட்டுக்கும் கிட்டப்பார்வை. சின்னத் துண்டுக் காகிதங்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பென்சிலால் எழுதுவார். ஜேன் தார்ன்ஃபீல்ட் மாளிகைக்கு வந்து சேரும் இடத்தை எழுதியபோது நிறுத்தவே முடியாமல் மூன்று வாரம் தொடர்ந்து எழுதி, காய்ச்சலில் விழுந்தார் என்பார்கள். அந்த மாளிகைக்கு முன்மாதிரிகளும் உண்டு. 1839-ல் கவர்னஸாக இருந்தபோது அவர் போய்வந்த நார்டன் கோனியர்ஸ் என்ற பழைய மாளிகையில், மாடியில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு உலவியது. 2004-ல் அங்கே சுவருக்குள் அடைக்கப்பட்டிருந்த ஒரு படிக்கட்டைக் கண்டுபிடித்தார்கள். அது போய்ச் சேருவது மாடி அறைக்கு.

கதாநாயகி அழகாக இருந்தால்தான் வாசகருக்குப் பிடிக்கும் என்று தங்கைகள் வாதாடியபோது, தன்னைப் போலவே குள்ளமான, சுமாரான ஒருத்தியை வைத்துக் காட்டுகிறேன் என்று அவர் சவால் விட்டாராம். ஷார்லட் ஐந்தடிக்கும் குறைவு.

1847 ஆகஸ்டில் கைப்பிரதி லண்டனில் உள்ள ஸ்மித், எல்டர் நிறுவனத்துக்குப் போனது. உரிமையாளர் ஜார்ஜ் ஸ்மித், 23 வயது இளைஞர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படிக்க எடுத்தவர், போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், சாப்பாட்டையும் ஏனோதானோ என்று முடித்துவிட்டு, அன்று இரவுக்குள் படித்து முடித்தார். அடுத்த எட்டு வாரத்தில் புத்தகம் கடைக்கு வந்துவிட்டது.

வீட்டில் அப்பாவுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. புத்தகம் சூடாக விற்ற பிறகுதான் ஷார்லட் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார். கையெழுத்தைப் படித்தால் கண் வலிக்கும் என்று அவர் தயங்க, இது கையெழுத்து இல்லை, அச்சான புத்தகம் என்று விளக்க வேண்டியதாயிற்று. அன்று மாலை டீ நேரத்தில் பேட்ரிக் மற்ற மகள்களிடம் வந்து, ஷார்லட் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாள், எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது என்று சேதி சொன்னார். அவர்களும் புத்தகம் எழுதியவர்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் சத்தம், அப்புறம்தான் ஆள்

ஹெட்போன் போட்டுக்கொண்டு 'ஜேன் அயர்' கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் புரியும். இந்தக் கதையில் முக்கியமான எல்லாமே முதலில் காதுக்குத்தான் வருகிறது. மாடியில் அடைக்கப்பட்டிருக்கும் ரோச்செஸ்டரின் முதல் மனைவி பெர்த்தாவை நாம் பார்ப்பதற்கு வெகுநேரம் முன்பே அவளுடைய சிரிப்பைக் கேட்டுவிடுகிறோம். கதவுக்கு வெளியே முணுமுணுப்பு, தலைக்கு மேலே காலடி, நள்ளிரவில் ஒரு அலறல். கடைசியில், பல மைல் தூரத்தில் இருக்கும் ஜேனுக்கு ரோச்செஸ்டர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்கும். நம்பும்படியாக இல்லையே என்று யாரோ குறை சொன்னபோது, அது நிஜமாக நடந்த ஒன்று என்று ஷார்லட் தாழ்ந்த குரலில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அதற்கு மேல் விளக்கவில்லை.

அந்தக் குரல் கேட்கும் நேரத்தில் ஜேன், இந்தியாவுக்கு மிஷனரியாகப் புறப்படும் ஒருவரின் மனைவியாகச் சம்மதிக்கும் விளிம்பில் இருப்பாள். அதற்காக இந்துஸ்தானி மொழிகூடப் படித்துக்கொண்டிருப்பாள். அந்தக் குரல்தான் அவளைத் தடுக்கிறது. ஆனால் பெர்த்தாவுக்கு அப்படித் தடுக்க ஒரு குரல் வரவில்லை. அவள் ஜமைக்காவில் பிறந்தவள். 30,000 பவுண்டு சீதனத்துக்காகக் கல்யாணம் செய்து கொண்டுவரப்பட்டவள். அடிமை உழைப்பில் ஓடிய தீவு அது. நாவல் முழுக்க அவள் ஒரு வார்த்தைகூட நேராக நம்மிடம் பேசுவதில்லை. அடக்கப்பட்ட ஒரு பெண்ணின் குரலை இவ்வளவு உரக்கக் கேட்க வைத்த ஷார்லட்டுக்கு, மாடியில் இருந்தவளின் பேச்சு கேட்கவில்லை. 119 வருஷம் கழித்து, கரீபியன் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ் என்ற எழுத்தாளர் 1966-ல் 'வைட் சர்காஸோ ஸீ' நாவலில் பெர்த்தாவைப் பேச வைத்தார். 'ஜேன் அயர்' கேட்டு முடித்த கையோடு அதையும் கேட்பது நல்லது.

இந்தக் கதை நம்ம ஊருக்கும் வந்திருக்கிறது. 1952-ல் திலீப் குமார், மதுபாலா நடித்த இந்திப் படம் 'சங்தில்'. தமிழில் 1969-ல் ஜெமினி கணேசன், காஞ்சனா நடித்த 'சாந்தி நிலையம்'. பெரிய வீடு, ஆசிரியையாக வரும் பெண், மாடி ரகசியம் எல்லாம் அதில் உண்டு.

வெற்றியோடு வதந்தியும் வந்தது. ஷார்லட் இரண்டாம் பதிப்பை, தான் மதித்த நாவலாசிரியர் தாக்கரேவுக்குச் சமர்ப்பித்தார். தாக்கரேவின் மனைவி மனநோயால் வேறு இடத்தில் பராமரிக்கப்பட்டு வந்தது அவருக்குத் தெரியாது. லண்டனே தாக்கரே வீட்டு கவர்னஸ்தான் இதை எழுதியிருக்க வேண்டும் என்று கிசுகிசுத்தது. மூன்று பெல்களும் ஒரே ஆள்தான் என்று இன்னொரு வதந்தி. அதை முறியடிக்க 1848 ஜூலையில் ஷார்லட்டும் ஆனும் இடி மழையில் ரயில் நிலையத்துக்கு நடந்து, இரவு ரயில் பிடித்து லண்டன் போய், ஜார்ஜ் ஸ்மித் அவருக்கு எழுதிய கடிதத்தை ஸ்மித்தின் கையிலேயே கொடுத்தார்கள். கிராமத்து உடையில் நின்ற இந்த இரண்டு சின்னப் பெண்களா என்று அவர் வாயடைத்துப்போனார்.

எட்டு மாதங்கள்

1848 செப்டம்பர் 24-ல் பிரான்வெல் இறந்தார். குடி, ஓபியம், அடியில் காசநோய். வயது 31. அண்ணனின் இறுதிச் சடங்குக்குப் பிறகு எமிலிக்குச் சளி பிடித்தது. டாக்டரைப் பார்க்க மாட்டேன் என்று கடைசி நாள்வரை பிடிவாதம். டிசம்பர் 19 அன்று காலையில் தானே எழுந்து உடை உடுத்தினார். மதியம் 2 மணி வாக்கில் இறந்தார். 'வதரிங் ஹைட்ஸ்' வந்து அப்போதுதான் ஒரு வருஷம். அடுத்து ஆன். கடல் காற்று உதவும் என்று ஸ்கார்பரோ கடற்கரைக்கு அழைத்துப் போனார் ஷார்லட். போய் நான்காம் நாள், 1849 மே 28-ல் ஆனும் இறந்தார். அப்பாவுக்கு இன்னொரு சவ ஊர்வலம் வேண்டாம் என்று அங்கேயே அடக்கம் செய்தார்கள். கல்வெட்டில் 29 வயதை 28 என்று தப்பாகச் செதுக்கிவிட்டார்கள்.

வீடு திரும்பிய ஷார்லட்டுக்கு இரவு 9 மணிதான் பிரச்னை. பழக்கம் விடவில்லை. அவர் மட்டும் எழுந்து மேசையைச் சுற்றி நடந்தார். அந்தத் தனிக் காலடிச் சத்தத்தைக் கேட்டாலே மனசு தாங்காது என்று வேலைக்காரப் பெண் மார்த்தா பிறகு சொல்லியிருக்கிறார். பாதியில் நின்ற 'ஷெர்லி'யை அந்த அறையிலேயே உட்கார்ந்து முடித்தார். 1853-ல் வந்த 'வில்லட்' அவருடைய மிகச் சிறந்த நாவல். பிரஸ்ஸல்ஸ் நாட்களும் தனிமையும் அதில் முழுசாக இறங்கியிருக்கின்றன. வாசித்துக் காட்ட ஆள் இல்லாமல் எழுதியது.

தங்கைகளின் எழுத்தை மறுபடி பதிப்பித்தபோது ஷார்லட் நடந்துகொண்ட விதத்தில் ஒரு நெருடல் உண்டு. எமிலியின் கவிதைகளில் கை வைத்தார். குடிகாரக் கணவனை விட்டு வெளியேறும் பெண்ணைப் பற்றி ஆன் எழுதிய 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' மறுபதிப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த விஷயத்தைத் தொட்டதே தப்பு என்பது அவர் கட்சி. பிரான்வெல்லின் குடியை வீட்டுக்குள் பார்த்தவர்கள் இருவருமே. ஒருவர் எழுதினார், இன்னொருவர் மூடினார். ஆன் ப்ரான்டே வெகுகாலம் மூன்றாவது தங்கையாக மட்டுமே அறியப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாகக் கேட்டவர்

அப்பாவின் உதவிப் பாதிரியார் ஆர்தர் பெல் நிக்கல்ஸ், 1845-ல் இருந்து ஹாவர்த்தில் இருந்தவர். 1852 டிசம்பரில் ஒரு நாள் இரவு, உடம்பு நடுங்க ஷார்லட் முன் வந்து நின்று கல்யாணத்துக்குக் கேட்டார். பேட்ரிக்குக்கு வந்த கோபத்தில் நெற்றி நரம்பு புடைத்தது. ஒரு ஏழை உதவிப் பாதிரியார் தன் புகழ்பெற்ற மகளைக் கேட்பதா என்பது அவர் வாதம். தானே ஏழை உதவிப் பாதிரியாராக இருந்தவர்தான்! ஷார்லட்டுக்கும் அப்போது நிக்கல்ஸ்மேல் காதல் எதுவும் இல்லை. ஆனால் அப்பா அவரை நடத்திய விதம் பொறுக்காமல், ரகசியக் கடிதங்கள் போய்வந்து, மெல்ல மனசு மாறியது. 1854 ஜூன் 29-ல் கல்யாணம். முந்தின நாள் இரவு, சர்ச்சுக்கு வர மாட்டேன் என்று அப்பா மறுத்துவிட்டார். பழைய பள்ளி ஆசிரியை மார்கரெட் வூலர்தான் மணமகளைக் கைப்பிடித்துக் கொடுத்தார்.

எதிர்பாராத விதமாக அந்தக் கல்யாணம் நன்றாக இருந்தது. அந்த வருஷக் கடைசியில், காற்று பலமாக அடித்த ஒரு மாலையில், கணப்பு ஓரத்தில் கணவரோடு உட்கார்ந்திருந்தார் ஷார்லட். நீங்கள் இல்லாவிட்டால் இப்போது நான் எழுதிக்கொண்டிருப்பேன் என்ற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு, மாடிக்கு ஓடிப்போய், புதிதாகத் தொடங்கிய நாவலின் பக்கங்களை எடுத்துவந்து வாசித்துக் காட்டினார். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த வீட்டுக்குள் யாருக்காவது அப்படி வாசித்து. கேட்டு முடித்த நிக்கல்ஸ், மறுபடியும் பள்ளிக்கூடக் கதையா, விமர்சகர்கள் திருப்பி எழுதுகிறீர்கள் என்று சொல்வார்களே என்றார். நான் எப்போதும் இரண்டு மூன்று தடவை தொடங்கித்தான் சரியான இடத்துக்கு வருவேன், மாற்றிவிடுவேன் என்றார் ஷார்லட்.

மாற்றவில்லை. 1855 தொடக்கத்தில் கர்ப்பமாக இருந்தார். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. மார்ச் 31-ல், 39-வது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் முன்பு இறந்தார். சான்றிதழில் காசநோய் என்று இருந்தாலும், கர்ப்பகாலக் கடும் வாந்திதான் காரணமாக இருந்திருக்கும் என்று இன்று பலர் கருதுகிறார்கள். ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்த பேட்ரிக், 84 வயதுவரை இருந்தார். வேண்டாம் என்று விரட்டிய அதே மருமகன்தான், 1861-ல் அவர் கண்மூடும் வரை கூடவே தங்கிப் பார்த்துக்கொண்டார்.

பேட்ரிக் போனதும் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அந்தச் சாப்பாட்டு அறை மேசையும் கைமாறிப் போனது. பாதிரியார் வீடு 1928-ல் அருங்காட்சியகம் ஆனது. மேசை 2015-ல்தான் திரும்ப வந்தது, 5,80,000 பவுண்டு பொது நிதியில் வாங்கி. இப்போது அதே அறையில் இருக்கிறது. மேலே மைக்கறைகள், நடுவில் மெழுகுவத்தி சுட்ட தழும்பு, ஒரு இடத்தில் யாரோ செதுக்கிய ஆங்கில 'ஈ' எழுத்து.